மஸ்கட்டிலிருந்து ஒரு டோஸ்டர் குரல்

யாரும் கேட்காத பொருளை விற்றுப் பிழைக்கும் என் சக பாவிகளே, டோஸ்டர் வியாபாரத்துக்கு முதலில் வேண்டியது பொறுமை. ஒரு போன் கால் கதை வைத்திருக்கிறேன். வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போதே இல்லை. ரொட்டி சிவக்கட்டும்.

பிளஸ் டூ லீவில் உத்திரமேரூர் பஜாரில் ஒரு மிக்ஸி, கிரைண்டர் கடையில் சேர்ந்தேன். சேல்ஸில் நானும் கலா அக்காவும்.

பெட்டியின் அளவு

எங்கள் பக்கம் டோஸ்டரை சினிமாவில் பார்த்ததோடு சரி. கோட்டு போட்ட அப்பா பேப்பர் படிப்பார், ரொட்டி தானே எகிறும். வீட்டுக்கென்று யாரும் வாங்குவதில்லை. கல்யாணப் பரிசுக்கு மட்டும்தான். தென்னேரியிலிருந்து வந்த பெரியவரிடம், "மொறுமொறு காலை, இனிய காலை!" என்று டிவி விளம்பரக் குரலில் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "உள்ள இன்னா கீதுன்னு எனக்கு இன்னாத்துக்கு நைனா? போட்டோவுல தெரியற மாரி பெரிய பொட்டியா குடு."

ஊர் சுற்றியது

பக்கத்து ஊரான பெருநகரிலிருந்து வந்த அம்மா ஒருவர் பரிசாக வந்த டோஸ்டரைக் கொடுத்து, மாற்றாக மிக்ஸி ஜார் கேட்டார். கலர் பேப்பரைப் பிரித்தால் உள்ளே இன்னொரு கலர் பேப்பர். அதற்குள்ளும் ஒன்று. ஒவ்வொன்றிலும் வேறு மணமக்களின் பெயர்! மண்டப மைக் குரலில் மூன்று ஜோடியையும் வாழ்த்தினேன். அந்த அம்மா அசரவில்லை. "மூணு கல்யாணம் பாத்துட்சி, அதுக்கு ஒரு வூடு அமையல பாரு தம்பி."

நாலாவது வெள்ளி

டோஸ்டரை ஆசையாகப் பார்த்த ஒரே ஆள் கலா அக்கா. அவர் வீட்டுக்காரர் மஸ்கட் ஓட்டல் ஒன்றில் காலை நாஷ்டாவுக்கு ரொட்டி வாட்டுகிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். அக்கா ஸ்பீக்கரில் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அவர் குரலில் அப்படியே பேசப் பழகியிருந்தேன். மூன்று வெள்ளியாகப் போன் இல்லை. அக்கா டெமோ டோஸ்டரை ரொட்டியில்லாமலே அழுத்திவிட்டு, எகிறும் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலாவது வெள்ளி, புது சிம்மோடு கடையின் பின்பக்க குடோனுக்குள் நுழைந்து அக்காவுக்குப் போன் போட்டேன். மஸ்கட்டிலிருந்து வரும் நெட் காலில் கண்ட நம்பரும் வரும், சந்தேகப்பட மாட்டார்.

"கலா, நாந்தான்."

அதே நேரம் வெளியே பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. போனைப் பொத்தினேன். அந்தப் பக்கம் அக்கா, "சாப்ட்டீங்களா?"

"எங்க? ரொட்டி வாட்டியே கை கருகிப்போச்சு."

வாயை மூடிச் சிரித்தேன். அக்கா கேட்டுக்கொண்டே போனார். காய்ச்சலா? போன் ஒடஞ்சிட்சா? பொங்கலுக்கு வருவீங்களா?

"வரேன் கலா, வரேன்."

குடோன் கதவு திறந்தது. போனைக் காதில் வைத்தபடியே அக்கா நின்றிருந்தார்.

"ஹாரன் அப்பவே ரெண்டு காதுலயும் கேட்டுச்சிடா, ஒண்ணுல போன்லேர்ந்து, ஒண்ணுல ரோட்லேர்ந்து. கட் பண்ணாத. வரேன்னு இன்னொரு தபா அவராட்டமே சொல்லு."

ஆக, அந்தப் போனில் கடைசி வரை ஏமாந்திருந்த ஒரே ஆள், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவன்தான்.