நாலு ரிவர்ஸ் கியர்

எங்கள் வீட்டுக் காருக்கு நாலு ரிவர்ஸ் கியர் இருந்தது. முன்னால் போக ஒன்றே ஒன்று. ஐந்தாம் வகுப்பில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இப்போது சொன்னாலும் நம்புவதில்லை. அதற்காக நான் சொல்வதை விட்டதும் இல்லை. அந்தக் காரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

அது ஷோரூமில் வாங்கிய கார் இல்லை. சித்தப்பா கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது ஃபைபர் பாடி, சேஸிஸ், சீட்டு என்று பெட்டி பெட்டியாக வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பி, எங்கள் நெல் கொட்டகையில் வைத்து அவரே பூட்டிய கார். மேலே கூரை கிடையாது. எஞ்சின் ஏதோ ஒரு பழைய சின்னக் காரிலிருந்து கழற்றியது. நன்னிலம் பக்கம் எங்கள் ஊர். எந்தத் திசையில் பார்த்தாலும் வயல், தட்டையான சாலை. அதில் அந்தக் கார் ராஜா மாதிரி போகும். எங்கள் பகுதியில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது ஆற்றுப் பாலம்தான். இருக்கிற அந்த ஒரு மேட்டில்தான் சித்தப்பாவின் மானம் போயிற்று.

அதுவும் அவருடைய கல்யாணத்தன்று. சித்திக்கு அக்கரை ஊர். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தக் காரில்தான் எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். முதல் நாள் பூசிய பச்சைப் பெயிண்ட் சரியாகக் காயக்கூட இல்லை. பாலத்து ஏற்றத்தில் பாதி வழி போய், முக்கி முனகிக் கார் நின்றுவிட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் இறங்கித் தள்ளியும் நகரவில்லை. கடைசியில் கல்யாணப் பெண்ணே மாலையும் பட்டுப்புடவையுமாக இறங்கி, பின்னால் வலது ஓரமாகக் கை வைத்துத் தள்ளினாள். தள்ளியவர்கள் உள்ளங்கையெல்லாம் பச்சை. நான் முன் சீட்டில் தூங்கிவிட்டேனாம். இதெல்லாம் பிறகு வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். கரையோர டீக்கடையே எழுந்து நின்று வேடிக்கை பார்க்க, சித்தியின் அப்பா, “மாப்ள, அடுத்த தடவ ஒரு ஜோடி மாட்டையும் சேத்து அனுப்புறேன்” என்றாராம். சித்தப்பா மட்டும் இந்தக் கதைக்குச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்துச் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அவள் பிறந்த வீட்டிலிருந்து அழைத்துவர வேண்டும்.

“டாக்ஸி பேசிடலாம்டா. மறுபடியும் அந்த ஊர்க்காரங்க முன்னாடி அசிங்கப்படணுமா?” என்றார் அப்பா.

“இல்லண்ணே. எம் பொண்ணு இந்தக் காருலதான் வீட்டுக்கு வரணும். அவ அம்மா அந்தப் பாலத்துல இறங்கக் கூடாது.”

“இறங்குனா?”

“காயலான் கடைக்குப் போட்டுடுறேன்.”

அன்றே வேலை ஆரம்பமானது. விபத்தில் நசுங்கிய ஒரு வேனின் டீசல் எஞ்சினும் கியர்பாக்ஸும் தஞ்சாவூரிலிருந்து வந்தன. பழைய ஜீப் ஒன்றின் பின் சக்கரங்களைச் சுழற்றும் ஆக்சிலும் வந்தது. ரிவர்ஸ் போட்டால் ‘பீப் பீப்’ என்று கத்தும் அந்த வேனின் ஹாரனைக்கூடச் சித்தப்பா விட்டுவைக்கவில்லை, அதையும் மாட்டினார். காருக்கு நீலப் பெயிண்ட் அடித்தார். ஆனால் பின்பக்கம் வலது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பச்சையை அப்படியே விட்டிருந்தார். அந்த இடமும் விரல் பட்டதுபோல் திட்டுத் திட்டாக இருந்தது. புதுச் சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐப்பசி மழையில் ஆற்றோரச் சாலையில் தண்ணீர் நிற்கும். அதனால் காரைக் கொஞ்சம் உயர்த்தியாக வேண்டும். ஆக்சிலின் அடியில் இருந்த ஸ்பிரிங் பட்டைகளை மேலே கொண்டுவந்தால் அரைச் சாண் உயரம் கிடைக்கும். அதற்கு வெல்டிங் வைக்க வேண்டும். வெல்டரோ குறுவை அறுப்பு மெஷின்களோடு ஊர் ஊராகப் போய்விட்டான். அப்போதுதான் அப்பா யோசனை சொன்னார். டிராக்டருக்கு அகலம் கூட்ட வேண்டுமென்றால் இடது சக்கரத்தை வலதிலும் வலதை இடதிலும் போடுவது எங்கள் ஊர் வழக்கம்.

“அதே மாதிரி ஆக்சிலையும் பெரட்டிப் போட்டுட்டாப் போவுது. இடது வலதாவும், அடி மேலயாவும் வந்துடும். இதுக்கு எதுக்கு வெல்டிங்?”

அவசரத்தில் சித்தப்பாவுக்கும் அது சரியாகப் பட்டது. புரட்டிப் பூட்டினார்கள்.

அழைக்கப் போக வேண்டிய நாள் காலையில்தான் காரை முதன்முதலாக எடுத்தார்கள். சித்தப்பா முதல் கியரைப் போட்டார். கார் பின்னால் போய் வைக்கோல் போரில் முட்டியது. இரண்டாம் கியர் போட்டார். இன்னும் விறுவிறுப்பாகப் பின்னால் போனது. ஆக்சில் தலைகீழானதில் சக்கரங்கள் சுற்றும் திசையும் தலைகீழாகிவிட்டது. கடைசியாக ரிவர்ஸைப் போட்டதும் ‘பீப் பீப்’ என்று கத்திக்கொண்டே கார் கம்பீரமாக முன்னால் வந்தது.

சித்தப்பா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அப்பா கொஞ்ச நேரம் மாட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் துக்கத்தில் இருந்த நேரத்தில், என்னால் ஆனது என்று, டப்பாவில் மிச்சமிருந்த நீலத்தை எடுத்து அந்தப் பச்சைத் திட்டை ஒரு பொட்டு தெரியாமல் மூடினேன். இப்போதுதான் கார் காராக இருந்தது.

“முன்னாடி போறதுக்கு ஒரு கியர் இருக்குல்ல?” என்று திரும்பினார் அப்பா. “மூணு கிலோமீட்டருதானே. எடுறா வண்டிய.”

மாட்டு வண்டி வேகத்தில், வழியெல்லாம் பீப் பீப்பென்று கத்திக்கொண்டு போனோம். பின்னால் வந்தவர்கள் பதறி ஒதுங்கினார்கள். நான் மகாராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது காரில் சித்தி, அவள் மடியில் குழந்தை, சித்தியின் அம்மா, தொட்டில், சீர்ப் பாத்திரங்கள், இத்தனையோடு நாங்களும். அக்கரை ஏற்றம்தான் செங்குத்து. டீக்கடையில் போன தடவை நின்ற அதே கூட்டம் நின்றது. சித்தியின் அப்பா சைக்கிளில் பின்னாலேயே வந்தார், தள்ளுவதற்குத் தயாராக. ஆனால் கியர்களிலேயே இழுவை அதிகம் ரிவர்ஸுக்குத்தான். புது எஞ்சின் உறும, கார் நிற்காமல் திணறாமல் ஏறியது. சைக்கிளைத்தான் அவர் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. அன்று நான் போட்ட கூச்சல் ஆற்றுக்கு இரண்டு கரையிலும் கேட்டிருக்கும்.

உச்சிக்கு வந்ததும் சித்தி, “கொஞ்சம் நிறுத்துங்க” என்றாள்.

சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. “ஏன், பயமா இருக்கா?”

அவள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் பின்பக்கம் போனாள். ஆக்சிலைப் பார்க்கத்தான் போகிறாள் என்று நானும் குதித்து ஓடினேன். சித்தி குனியவே இல்லை. வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இங்க யாரு பெயிண்ட் அடிச்சா?”

“நான்தான்! காலைல!” என்றேன் பெருமையாக.

அதற்குள் சித்தப்பாவும் வந்துவிட்டார். அந்த இடத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தி அவரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வலது உள்ளங்கையை விரித்து, என் நீலத்தின் மேல் அழுத்தி வைத்து எடுத்தாள். ஐந்து விரலும் அப்படியே பதிந்தன.

“இதுவும் காயலங்க” என்றாள்.

அந்தப் பாலத்தில் சித்தப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கோ அழுகை முட்டியது. பி.எஸ்ஸி. படித்த சித்திக்கு, காயாத பெயிண்டில் கை வைக்கக் கூடாது என்றுகூடவா தெரியாது? வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக இன்னொரு பூச்சு பூசி அதை மறைத்துவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

மறைக்க முடியவில்லை. சித்தப்பா அந்தப் பெயிண்ட் டப்பாவை எங்கே கொண்டுபோய் ஒளித்தாரோ, நான் வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.