அம்மா பார்க்காத விசுவநாதர்

தாராவியில் எங்கள் கட்டடத்தின் ஏழாவது மாடியில் அம்மாவும் நானும் மட்டும் குடியிருக்கிறோம். அப்பா இறந்த பிறகு அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காசிக்குக் கூட்டிப்போ, விசுவநாதரை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஐரோலியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை என்று நான்கு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. முழங்கால் வலிக்காரியோடு அவ்வளவு தூரம் போய் வருவதை நினைத்தாலே எனக்குச் சலிப்பாக இருந்தது என்பதுதான் மீதி.

கடைசியில் போனோம். இரண்டு நாள் தங்கல். முதல் நாள் காலையில் கங்கையில், கேதார் படித்துறையில் குளித்தாள். படிகளில் நடந்து இறங்க முடியாமல், ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை முங்கி எழுந்தபோது அவள் முகம் அப்படியொரு தெளிவாக இருந்தது. நான் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். விசுவநாதர் கோவிலை மறுநாளைக்கு வைத்துக்கொண்டோம். மறுநாள் மத்தியானம் ரயில்.

மறுநாள் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. ஆட்டோக்காரர் கோதோலியா சந்திப்பிலேயே இறக்கிவிட்டு, இதற்கு மேல் வண்டி போகாது என்றார். சந்துகளில் அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். வழியில் பித்தளைச் சொம்பு பார்க்க நின்றாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ருத்ராட்சம் வாங்கலாமா என்று கேட்டு, அவர்கள் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள் என்பது நினைவு வந்து தானே சிரித்தாள்.

“இப்படி நடந்தா சாயங்காலந்தான் போய்ச் சேருவோம்” என்றேன். அதன் பிறகு அவள் எங்கும் நிற்கவில்லை.

கோவில் வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் திறக்காத ஒரு சேலைக் கடை இருந்தது. அதன் படியில் அவளை உட்கார வைத்தேன்.

“யம்மா, நீ இங்கனயே இரு. வரிசை எவ்வளவு நீளம்னு பாத்துட்டு வந்துருதேன்.”

“செருப்பயும் போனையும் எங்கிட்ட குடுத்துட்டுப் போய்யா. உள்ள விட மாட்டாங்களாம்லா.”

கொடுத்துவிட்டுப் போனேன். வரிசையைப் பார்க்கத்தான் போனேன். அது சத்தியம். தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே கூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்க்க ஒதுங்கியவனைப் பின்னால் வந்தவர் “ஆகே படோ, பாய்சாப்” என்று தள்ளினார். உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வர முடியாமல் போகவில்லை. கம்பி வளைவுகளில் இரண்டு இடத்தில் வெளியே போகும் வழி இருந்தது. ஓர் இடத்தில் போலீஸ்காரரே ஒரு பெண்ணை வெளியே விட்டார். நான் நின்று யோசித்தேன். வெளியே போனால் மறுபடியும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய நடைக்கு நடந்து, இதே வரிசையில் நிற்க வேண்டும். தனியாக நிற்பது இலகுவாக இருந்தது. இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு விடுவதுபோல இருந்தது. எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துகொண்டு வந்து அவளைக் கூட்டிப்போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கருவறை வாசலில் நான் நின்றது மூன்று விநாடி இருக்கும். யாரோ நெற்றியில் சந்தனம் அப்பினார். யாரோ தோளைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினார்.

வெளியே வந்து மணி கேட்டேன். இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. இனி அவளை வரிசையில் நிறுத்தினால் ரயில் போய்விடும். சேலைக் கடைக்குத் திரும்பும் முனையில் நின்று சட்டை நுனியால் நெற்றிச் சந்தனத்தைத் துடைத்தேன்.

கடை திறந்துவிட்டதால் அம்மா எதிர்ப்பக்கம், வெயிலில் உட்கார்ந்திருந்தாள். என் செருப்பைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. குடித்தால் ஒதுங்க வேண்டிவரும், அந்த நேரத்தில் நான் வந்து தேடுவேன் என்று குடிக்கவில்லையாம்.

“பாதி வழில நிப்பாட்டிட்டாங்கம்மா. உள்ள ஏதோ பூசையாம். எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டாங்க.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நீயும் பாக்கலையா?”

“இல்ல.”

“இம்புட்டு நேரம் கால் கடுக்க நின்னியேய்யா” என்று என் முழங்கையைத் தடவிக்கொடுத்தாள்.

ரயிலில் அவள் நன்றாகத் தூங்கினாள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன் என்று தோன்றுகிறது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு வேண்டுதல் வைத்தாள். தனக்காக அல்ல. “நான் குளிச்சிட்டேன், அது போதும். எம்புள்ளதான் வாசல் வரைக்கும் போயிட்டு வெறுங்கையோட வந்தான். அவனுக்கு ஒரு தடவ காட்டணும்” என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். திங்கட்கிழமைதோறும் சயானில் பஸ் ஏறி செம்பூரில் உள்ள ஒரு சிவன் கோவிலுக்குப் போக ஆரம்பித்தாள். பஸ் படியில் ஏற வலிக்கிற காலை இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டும். வேண்டாம் என்றேன். “உனக்காகத்தானய்யா” என்றாள்.

இப்படி ஐந்து மாதம் போனது. ஒருநாள் நான் ஆபீசிலிருந்து வரும்போது பக்கத்து வீட்டு அக்கா லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தினார்கள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். அம்மா அவர்களை மைனி என்றுதான் கூப்பிடுவாள்.

“தம்பி, எங்க சபையில ஒனக்காக ஜெபத்துல சொல்லிருக்கேன். ஒனக்கு அந்த சாமியப் பாக்கக் கெடைக்கணும்னு. எங்க பாஸ்டர் என்ன நெனச்சாரோ தெரியல. ஒங்கம்மா படுத பாட்டப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல.”

நான் சரிக்கா என்றேன்.

வீட்டில் அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

“யம்மா, நான் விசுவநாதரப் பாத்துட்டேன்.”

“எப்பம்?”

“அன்னைக்கே. ஒன்ன உக்கார வச்சுட்டுப் போனேன்லா, அப்பவே. ஒங்கிட்ட பொய் சொன்னேன்.”

அவள் தலை நிமிரவில்லை. தண்டை ஒரு பக்கமும் இலையை ஒரு பக்கமுமாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

“எப்படி இருந்தாரு?” என்றாள்.

“கூட்டமா இருந்துச்சு.”

“கூட்டத்தக் கேக்கல. சாமி எப்படி இருந்தாரு?”

“வெள்ளில தொட்டி மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள பூவா கெடந்துச்சு. நல்லாப் பாக்கதுக்குள்ள தள்ளிட்டாங்க.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“போனதுதான் போன. பாத்ததையாவது ஒழுங்காப் பாத்திருக்கக் கூடாதா?”

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. சோறு போட்டாள், துணி மடித்தாள், எல்லாம் வழக்கம்போலத்தான். ஐயா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது பள்ளிக்கூடத்தில் யாராவது புகார் சொன்ன நாட்களில் மட்டும்தான்.

மறுபடியும் காசிக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டேன். எங்கள் கட்டடத்துப் பெண்கள் எட்டுப் பேர் மாசி மாதம் போகிறார்களாம், அவர்களோடு தன் பெயரையும் சேர்த்தாயிற்று என்றாள். நானும் வருகிறேன் என்றேன். “வேண்டாம். பொம்பளையாளு மட்டுந்தான் போறோம்” என்றாள். அந்தக் கூட்டத்தில் மூன்று பேர் கணவன்மாரோடு போனது குர்லா ஸ்டேஷனில் அவளை ரயில் ஏற்றிவிடும்போது எனக்குத் தெரிந்தது.

அம்மா காசியிலிருந்து திரும்பி வந்த அன்று மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தார்கள். நான் உள் அறையில் இருந்தேன்.

“வாசல்ல சக்கர நாற்காலி வச்சிருக்காங்க மைனி. கேட்டாக் குடுக்காங்க. தள்ளுத பையன் வேற வழியாக் கொண்டுபோயி பத்து நிமிசத்துல சாமி முன்னால நிறுத்திட்டான். விடியக்காலம்லா, தொடவும் விட்டாங்க. கைய வச்சேன். அப்படிக் குளிர்ச்சி. எடுக்கவே மனசு வரல. பக்கத்துல இருந்தவதான் போதும் பாட்டின்னா.”

அந்த அக்கா என்ன கேட்டார்களோ, அம்மா தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனாள். பூவின் நிறம், ஈரத் தரை, மணிச் சத்தம், தனக்குக் கண்ணீர் வந்தது, அது ஏன் வந்தது என்று தெரியாதது. நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். போய் அவர்களோடு உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.