சைக்கிளில் கட்டிய டிவிடி

உலகம் எதைக் கைவிடப்போகிறதோ அதைச் சரியாக முந்தின மாதம் வாங்கிவிடும் திறமை என் அப்பாவுக்கு உண்டு. ஊரெல்லாம் டிவிடிக்கு மாறிக்கொண்டிருந்தபோது அவர் சிங்காரத்தோப்புக் கடைவீதியிலிருந்து ஒரு விசிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தாயிற்று. டிவிடி பிளேயர் என்றால் இரண்டுமே ஓடும், இதில் விசிடி மட்டும்தான் ஓடும் என்று கடைக்காரர் சொல்லாமல் இல்லை. "டிவிடியெல்லாம் ரெண்டு வருஷத்துல இருக்கிற இடம் தெரியாமப் போயிடும்" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அப்பா சொன்னால் அப்படித்தான் என்று நம்பினேன்.

அதே வருடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் அத்தையின் கல்யாணம் நடந்தது. அப்பாவின் ஒரே தங்கை. சாயங்காலம் நலங்கில் பாட ஆளில்லாமல் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, என் அம்மா பாடினாள். அடுப்படியில் மட்டுமே பாடுகிறவள் அவள். யாராவது வந்தால் நிறுத்திவிடுவாள். அன்று வீடியோக்காரர் லைட்டை முகத்துக்கு நேராகப் பிடித்தும் நிறுத்தவில்லை. முடித்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள்கூடக் கை தட்டினார்கள். திரும்பும் பஸ்ஸில் அம்மா என் காதோடு கேட்டாள். "நான் பாடுனது வீடியோல வரும்ல?"

வந்தது, டிவிடியில். மாப்பிள்ளை வீட்டார் சொன்னபடி வீட்டுக்கு ஒன்றாக இரண்டு டிவிடி மட்டும் போட்டிருந்தார்கள். ஒன்று அத்தையோடு புனே போயிற்று. எங்களுடையதை அப்பா பிளேயரில் வைத்தார். 'நோ டிஸ்க்' என்று எழுத்து வந்தது. துடைத்து வைத்தார், ஊதி வைத்தார், பிளேயரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டியும் பார்த்தார்.

"கீழ் வீட்ல டிவிடி இருக்கு. போட்டுப் பாத்துட்டு வந்துரலாமாங்க?" என்றாள் அம்மா.

"நம்ம வீட்டுக் கல்யாணத்த அடுத்தவன் வீட்ல உக்காந்து பாக்கணுமா?" என்றார் அப்பா.

அத்தோடு பேச்சு முடிந்தது. விசிடியாக மாற்றித் தரச் சொல்லி வீடியோக்காரரிடம் போனார். முழுவதும் வேண்டுமென்றால் நாலு சிடி ஆகும் என்றார் அவர். நாலு சிடியை எழுந்து எழுந்து யார் மாற்றுவது, இரண்டு போதும் என்று அப்பா எதெது வேண்டுமென ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

சிடி வந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சீக்கிரமே சமைத்து முடித்து, தலைக்குப் பூ வைத்து, டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள். தாலி கட்டினார்கள். அப்பாவின் ஆபீஸ்காரர்கள் ஒருவர் விடாமல் மேடையேறிப் பரிசு கொடுத்தார்கள். பந்தியில் யாரோ ஒரு பெரியவர் நிதானமாகப் பாயசம் குடித்தார். இரண்டாவது சிடியும் முடிந்து நீலத்திரை வந்துவிட்டது.

"நலங்கு வரலையே" என்றாள் அம்மா.

"உன் பாட்டத்தான் வீட்லயே தினம் கேக்குறோமே" என்றார் அப்பா. குத்தலாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அம்மாவும் சிரித்து வைத்துவிட்டுக் காப்பி போடப் போனாள்.

டிவிடி ஷோகேஸில் சும்மா கிடந்தது. அந்த நாளில் பிள்ளைகள் சைக்கிளின் பின்னால் பழைய சிடியைக் கட்டிக்கொள்வார்கள். வெயில் பட்டால் ஏழு நிறமும் அடிக்கும். ஓடுகிற சிடியைத் தொட்டால் அப்பாவிடம் முதுகு பழுத்துவிடும். ஓடாதது இதுதானே என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பி, அதில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எடுத்துக்க. நம்ம வீட்ல இது எங்க ஓடப்போவுது" என்று என் சிவப்பு ரிப்பனால் அவளே சீட்டுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிவிட்டாள். தினமும் நான் கிளம்புமுன் முந்தானையால் அதைத் துடைத்துவிடுவாள். என் சைக்கிள் மேல் அம்மாவுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்கு ஒரே பெருமை.

மறு வருடம் மஞ்சள் காமாலையில் அம்மா போய்விட்டாள். பதினைந்தே நாள். அதற்கு மேல் எழுத இன்றும் எனக்கு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அடுப்படியில் பாட்டில்லை என்பது வீட்டுக்கு உறைத்தது. அப்பா வீடியோக்காரரிடம் ஓடினார். பழையதையெல்லாம் அழித்தாகிவிட்டது என்றார் அவர். அத்தைக்கு போன் போட்டார். வீடு மாறியதில் டிவிடி தொலைந்துவிட்டதென்று அத்தை அழுதாள். ஒரு நாள் சாயங்காலம் அப்பா ஒரு டிவிடி பிளேயரோடு வந்தார். அதற்குச் சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை. ஷோகேஸை ஒன்றுக்கு மூன்று தடவை குடைந்தார். கடைசியில் நான்தான் அவரைச் சைக்கிளிடம் கூட்டிப்போனேன்.

ரிப்பனை அவிழ்த்து, குழாயடியில் கழுவி, வேட்டியால் ஒற்றியெடுத்து வைத்தார். ஓடியது. பிள்ளையார் வந்தார், பூக்கள் பறந்தன. ஓட்டி ஓட்டி நலங்குக்கு வந்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, லேசாகச் செருமி, வாயைத் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். முகம் கட்டம் கட்டமாக உடைந்து, திரை நீலமாகிவிட்டது. எத்தனை முறை போட்டும் அதே இடம்தான்.

அப்பா அதை வெளியே எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். ஒரு வருட மண்ணும் மழையும் பட்டுப் பின்பக்கமெல்லாம் கீறல்.

"யாரும்மா இத சைக்கிள்ல கட்டுனது?"

நல்லவேளையாகப் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"நான் இல்லப்பா. அம்மாதான் கட்டிவிட்டாங்க" என்றேன்.

அடி விழவில்லை. தப்பித்தோம் என்று நான் ஹோம்வொர்க் எழுத உட்கார்ந்துவிட்டேன். கட்டியது அம்மாதான் என்று தெரிந்த பிறகும் அப்பா ஏன் அந்த வெறும் நீலத்திரைக்கு முன்னால் அப்படி அழுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.