அம்மா நின்று ஜெபித்த பின்வாசல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, மேடையில் நின்று சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம், தீபாவளி சீசன். எங்கள் அம்மா எஸ்தர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பல வருடம் உழைத்து, நெஞ்சுச் சளியில் போய்விட்டார். அம்மா உட்கார்ந்த அதே அறையில் அக்கா ஜெபமணி போய் உட்கார்ந்தாள். நான் படிப்பை விடக் கூடாது என்பதற்காக. அது என்னைத் தின்றது.

இன்னொன்றும் தின்றது. அம்மா என்று ஒருத்தி வாழ்ந்ததற்கு என்ன மிச்சம்? வாடகை வீடு. ரேஷன் கார்டில் இருக்கிற போட்டோ. இவ்வளவுதானா ஆண்டவரே என்று கேட்டுக் கேட்டுச் சோர்ந்தேன். ஆலயச் சுவரில் அம்மா பெயர் பொறித்து ஒரு பளிங்குக் கல்லாவது பதிக்க வேண்டும் என்று அலைந்தேன். அக்காவுக்கு அதில் நாட்டமே இல்லை.

"கல்லு எதுக்குலே? அம்மாவ கம்பெனியில யாரும் மறக்கல" என்பாள். என்னைத் தேற்றச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று படிப்புச் சான்றிதழ் விஷயமாகச் சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டுச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். டீக்கடை முன்னால் கூட்டம். "ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வெடிச்சிருச்சாம்." கம்பெனிப் பெயரையும் சொன்னார்கள். அக்காவின் கம்பெனி.

அடிபட்டவர்களை ஜி.எச்.சுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டதும் ஓடினேன். ஓடிக்கொண்டே ஜெபிக்கப் பார்த்தேன். வாலிபர் கூட்டத்தில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஜெபிக்கிறவன் நான். ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் வந்தது அம்மாவின் ஜெபம். தினமும் வேலைக்கு உட்காருமுன் அம்மா சொல்வது: "உள்ள வந்த மாதிரியே எங்கள வெளிய அனுப்பும் ஆண்டவரே." அதையே சொன்னேன். எனக்காக வேண்டாம், எங்கம்மா கேட்டாகளே அதுக்காக என்று சொன்னேன்.

ஜி.எச். வராந்தாவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். வெறுங்கால். புறங்கை கொப்பளித்திருந்தது. முடி கருகின வாடை. உயிரோடு இருந்தாள்!

பக்கத்தில் மாரியக்கா. அதே அறையில் வேலை பார்ப்பவர்.

"முன்வாசல்ல தீ வந்து நின்னுருச்சு தம்பி. பின்வாசல் வழியா நாலு பேரும் ஓடியாந்துட்டோம். எல்லாம் ஒங்கம்மா விட்டுட்டுப் போன வழி."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். சீசனில் ஆர்டர் குவிந்தால் பெட்டிகளைப் பின்வாசலில்தான் அடுக்குவார்கள். கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அடுக்குவார்கள். அம்மாவோ தினமும் அந்த வாசலில் நின்றுதான் ஜெபிப்பாராம்.

"ஒங்க சாமி பின்வாசல் வழியாத்தான் வருவாரோன்னு கேலி பண்ணுவோம். எந்தப் பக்கம் வந்தாலும் வழி விடணும்லன்னு ஒங்கம்மா சிரிப்பாக."

அம்மா போன பிறகும் அந்த இடத்தைப் பெண்கள் விட்டுக்கொடுக்கவில்லை. முந்தின நாள்கூட, லோடு ஏற்றுகிறவர் பெட்டிகளை அங்கே இறக்கப் பார்த்திருக்கிறார். மாரியக்கா பாய்ந்திருக்கிறார்.

"ஏலே, அங்கன வைக்காத. எஸ்தரக்கா நிக்கிற எடம்."

"செத்தவுக இன்னுமா வந்து நிக்காக?"

"வச்சுப் பாரு. ராத்திரி ஒன் வீட்டு வாசல்ல வந்து நிப்பாக."

இதைச் சொல்லிவிட்டு மாரியக்கா அழுதார். அவர் ஆலயத்துக்கு வருகிறவர் இல்லை. ஆனால் எங்கள் அம்மா ஜெபித்த இடத்தை ஒரு சீசன் முழுக்கக் காத்து நின்றவர் அவர்தான். நான் கல்லுக்காக அலைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த அறையில் வெடிமருந்து கலந்தவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் வீட்டிலும் ஜெபித்திருப்பார்கள். ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாது. அக்காவும் நானும் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சாட்சியாகச் சொல்கிறேன்.

பளிங்குக் கல் யோசனையை விட்டுவிட்டேன். கை ஆறினதும் அக்கா அச்சங்குளத்தில் வேறு கம்பெனியில் சேர்ந்தாள். மாரியக்காவும் கூடவே. முதல் நாள் காலை, அக்கா பின்வாசலில் போய்க் கண்ணை மூடி நின்றாளாம். தோளில் யாரோ இடித்திருக்கிறார்கள். திரும்பினால், மாரியக்கா.

"தள்ளி நில்லு புள்ள. எனக்கும் எடம் விடு."

என் வயது வாலிபர்களே, நம் பெயர் நிலைக்க என்ன செய்யலாம் என்று நாம் பரபரக்கிறோம். அம்மா அதை யோசித்ததே இல்லை. கூட இருக்கிறவர்கள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று கேட்டார். கேட்ட இடத்தில் தினமும் நின்றார். அவர் போன பிறகும் ஆண்டவர் அந்த ஜெபத்துக்குப் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தார். நாளைக் காலை வேலை தொடங்குமுன், உங்கள் பக்கத்தில் இருக்கிறவருக்காக நீங்களும் நின்று கேளுங்கள். பதில் வரும்போது நாம் இல்லாமல் போகலாம். நம் பிள்ளைகள் அந்த வழியாக ஓடி வருவார்கள்.

எங்கள் அக்கா வந்தாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.