பேஸ் பெட்டிக்கு எத்தனை ஸ்குரூ

ஸ்குரூ கூடக் கூடப் பெட்டியின் பலமும் கூடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பசை என்பது ஸ்குரூ முடுக்கத் தெரியாதவர்களுக்காக எவனோ கண்டுபிடித்த பிசுக்கு என்றும் நம்பினேன். இந்த இரண்டு நம்பிக்கைகளையும் வைத்துக்கொண்டு, ஐம்பத்தொரு வயதில், ஒரு பெண்ணின் நிச்சயதார்த்தத்தில் கை வைத்தேன்.

பெண், மச்சானின் மகள். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பிறை என்கிற ஊரில் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள். பெரிதாக எதற்கும் ஆசைப்படுகிற ஆள் இல்லை அவர். ஒன்றே ஒன்றுதான் வேண்டுமென்றார்: மகள் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது அவளுக்குப் பிடித்த பாட்டு ஓட வேண்டும், மேளம் விழுகிற இடத்தில் முதல் வரிசையில் இருப்பவர்களின் நெஞ்சு அதிர வேண்டும். அதற்காகவே பதினைந்து அங்குல பேஸ் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிப் போர்வையில் சுற்றி வைத்திருந்தார். அதற்குப் பெட்டி மட்டும் இல்லாததால் சவுண்ட் சிஸ்டம்காரரிடமும் பேசி வைத்திருந்தார்.

"அவன் எதுக்கு மச்சான்? ஒரு பெட்டிதானே, நான் அடிச்சித் தர்றேன்" என்றேன்.

"மாப்ளே, இது விளையாட்டு இல்ல. உன்ன நம்பி அவன கென்சல் பண்ணிருவேன்."

"பண்ணுங்க லா."

பண்ணிவிட்டார். அந்த 'லா'வை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பாயான் பாருவில் எங்கள் பிளாட்டுக்குப் பக்கத்திலேயே ஹார்ட்வேர் கடை. தவுக்கே, அதாவது கடைக்காரச் சீனர், பலகையை அளவுக்கு அறுத்துக் கொடுத்தார். எம்.டி.எஃப் பலகை, மரத்தூளைக் குழைத்து அழுத்திச் செய்தது, மரம் என்று சொல்லிக்கொள்ள அதற்கே வெட்கமாக இருக்கும். நான் கறுப்பு ஸ்குரூவில் இரண்டு பெட்டி எடுத்தேன். சிலிங் அடிக்கிறவர்கள் போடுவார்களே, அது. என் தலைக்கு மேலே சிலிங் பன்னிரண்டு வருடமாக விழாமல் நிற்கிறது, ஒரு பெட்டியைத் தாங்காதா என்பது என் ஆராய்ச்சி.

"இனி சிலிங் புஞ்யா லா, போஸ்" என்றார் தவுக்கே. இது சிலிங்குக்கு உள்ளது பாஸ், என்று மலாயில் சொல்கிறார். பருமனான மரை போட்ட மஞ்சள் ஸ்குரூவையும் ஒரு போத்தல் வெள்ளைப் பசையையும் என் முன்னால் நகர்த்தினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் இப்போது எனக்கு ஆகவில்லை.

என் பிழைப்பு என்ன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் டெக்னீஷியன். லைனில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர்கள் மின்சார ஸ்குரூடிரைவரால் ஸ்குரூ முடுக்குவார்கள். போதிய இறுக்கம் வந்ததும் அது 'கிளிக்' என்று சொல்லும். அதற்கு மேல் அழுத்தினால் மரை போய்விடும். இதை நான் இருபத்தைந்து வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். என் மனைவி அந்த லைனில்தான் இருந்தாள். நான் அவளிடம் முதன்முதலாகப் பேசிய வார்த்தையே, "கிளிக்குன்னா கைய எடு!" என்பதுதான். அதற்குப் பிறகும் அவள் என்னைக் கட்டிக்கொண்டது வேறு கதை.

அப்பேர்ப்பட்டவன் வீட்டு டிரில்லின் கழுத்து வளையத்தை, கிளிக்கே வராத கடைசிப் புள்ளிக்குத் திருகி வைத்துக்கொண்டு ஹாலில் குந்தினேன். துளை போடவில்லை. நேரே பலகையின் விளிம்பில் ஸ்குரூவை ஏற்றினேன். விளிம்பு தண்ணீரில் போட்ட ரொட்டி மாதிரி உப்பியது. பிறகு பிளந்தது. பிளந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் நாற்பத்து நான்கு. பாதிக்கு மேல் விழப்போகிற பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

மனைவி அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, கிளிக்குன்னா கைய எடுன்னு என்னை அழ வச்சீங்களே. இப்ப அந்தக் கிளிக்கு எங்கங்க போச்சி?"

"அது பேக்டரி. இது வீடு."

"அது பலகைக்குத் தெரியுமா?"

ஸ்பீக்கரை வைத்துப் பாட்டைப் போட்டேன். மேளம் விழுகிற இடத்தில், பந்தியில் பெரிய மனிதர் ஒருவர் அடக்கப் பார்த்து முடியாமல் விட்டதைப் போல ஒரு சத்தம். எல்லா மூட்டிலும் காற்று. மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டாள், கிண்டலுக்கு.

நிச்சயத்துக்கு ஏழு நாள். பயந்துபோனவனுக்கு நடுவழி தெரியாது; பசையை இகழ்ந்தவன் ஒரே தாவலில் பசை பக்தனாகிவிட்டேன். அதிலும் தவுக்கே காட்டியது வேண்டாம், கெட்டியானதாக வேண்டும் என்று செருப்புத் தைக்கிறவர்கள் போடும் மஞ்சள் பசையைப் பெரிய டின்னில் தூக்கி வந்தேன்.

டின்னைத் திறந்ததும் அந்த நாற்றம் வீட்டுக்குள் ஒரு விருந்தாளி மாதிரி வந்து உட்கார்ந்தது. எழுந்து போக மூன்று நாளாயிற்று. சாம்பாரில் அதே நாற்றம், தலையணையில் அதே நாற்றம், பல் தேய்த்தால் பிரஷ்ஷிலும் அதேதான். அந்தப் பசையை இரண்டு பக்கமும் தடவி, காயவிட்டு, பிறகு ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டால் நகர்த்த முடியாது. நான் கட்டை விரல் அகலத்துக்குக் கோணலாக ஒட்டினேன். பிய்த்தேன். சளி பிடித்த பிள்ளையின் மூக்கிலிருந்து வருவதுபோல நூல் நூலாக இழுபட்டு வந்தது. அதில் என் முழங்கை மயிர், நான்கு எறும்பு, ஒரு கரப்பானின் கால். கால் மட்டும்தான், மீதிக் கரப்பான் எங்கே போயிற்று என்று யோசித்ததில் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்கினாலும் கையால் சாப்பிட்டிருக்க முடியாது. மூன்று விரல்கள் ஒன்றாக ஒட்டியிருந்தன.

"சும்மா ஒரு கரண்டிய ஒட்டிக்கிங்களேன், சாப்பிட வசதியா இருக்கும்" என்றாள் மனைவி.

மறுநாள் மச்சான் போன் செய்தார். "பெட்டி ரெடியா மாப்ளே?"

"சூப்பரா வந்திருக்கு மச்சான்." போனும் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

காலை ஷிப்ட் முடிந்ததும் தவுக்கேயிடம் போய் நின்றேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். புதுப் பலகை அறுத்தார். அதே மஞ்சள் ஸ்குரூ, அதே வெள்ளைப் பசை. "லுபாங் டுலு, போஸ்" என்றார். முதலில் துளை. இரண்டு பலகைகளைச் சேர்த்துப் பிடிப்பதுதான் ஸ்குரூவின் வேலை, அதுவும் பசை காயும்வரைக்கும்தான். காய்ந்த பிறகு எல்லா ஸ்குரூவையும் கழற்றி வீசினாலும் பெட்டி விடாது என்று விரலை விரலோடு கோத்து இழுத்துக் காட்டினார். அவர் விரல்கள் சுத்தமாக இருந்தன. எனக்கு எரிச்சலாக இருந்தது.

இந்தத் தடவை துளை போட்டேன், பசை விட்டேன். வளையத்தை ஐந்தில் வைத்து ஸ்குரூவை ஏற்றினேன். 'கிளிக்.' அடுக்களையிலிருந்து உடனே குரல் வந்தது: "கைய எடுங்க!"

மூட்டு நெடுகிலும் வெள்ளைப் பசை மணி மணியாகப் பிதுங்கியது. ஈரத் துணியால் துடைத்தேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பலகைக்கு உட்புறம் பல் வைத்த நட்டு அடித்து, எட்டு போல்ட்டில் ஸ்பீக்கரைப் பூட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் பாட்டைப் போட்டபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு பொட்டுக் காற்றில்லை. பெட்டி சரியாக வந்துவிட்டது.

நான் நம்பவில்லை. இரண்டு தடவை என் கையிலேயே கெட்டுப்போனதை மூன்றாவது தடவை எப்படி நம்புவது? ஞாயிற்றுக்கிழமை காலை நிச்சயம். பத்து காவான் என்கிற ஊரிலுள்ள மண்டபத்துக்குப் போகும்போது பட்டு வேட்டி மடிப்பில் ஒரு ஸ்குரூடிரைவரைச் செருகிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்தார்கள். மேசை போதாமல் அங்கங்கே வைத்தார்கள். நான் யாரையும் வரவேற்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அதன் மூட்டுகளையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் கண்ணைக் காட்டினார். பெண் வாசலில் நின்றாள். பாட்டைப் போட்டேன். மேளம் விழுந்தது. டும். முதல் வரிசையில் ஓர் அம்மா நெஞ்சில் கை வைத்தார். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார், முப்பத்திரண்டு பல்லும் தெரிய.

இரண்டாவது டும்முக்குப் பின்னால் ஒரு 'கிர்ர்'.

மூட்டு விட்டுவிட்டது. நான் அப்படித்தான் முடிவு செய்தேன். இன்னும் நான்கு அடி விழுந்தால் பெட்டி வாயைப் பிளந்து ஸ்பீக்கர் மாப்பிள்ளையின் மடியில் போய் விழும் என்று தோன்றியது. பிளக்கைப் பிடுங்கினேன். எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருந்ததால் பாட்டும் சேர்ந்து போயிற்று.

"என்னடா மாப்ளே?"

"ரெண்டே நிமிசம் மச்சான்!"

குப்புறக் கவிழ்ந்து எட்டு போல்ட்டையும் கழற்றி, ஸ்பீக்கரை இறக்கிவிட்டு, போன் வெளிச்சத்தோடு தலையைப் பெட்டிக்குள் விட்டேன். என் பின்பக்கம் சம்பந்தி வீட்டாரைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. உள்ளே நான்கு மூலையும் கல் மாதிரி இருந்தன. எங்கோ யாரோ, "நல்ல நேரம் முடியப் போவுதுங்க, பொண்ண வரச் சொல்லுங்க" என்றது கேட்டது.

தலையை வெளியே எடுத்தபோது மனைவி பக்கத்தில் நின்றாள். பெட்டியின் மேலிருந்து ஓர் எவர்சில்வர் லட்டுத் தட்டைக் கையில் எடுத்தாள். "இதத்தான் தேடுறீங்களா?"

பெட்டி விரிசல் விடவில்லை. இப்போது எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு ஸ்குரூகூட இல்லாமல் நிற்கிறது. கிர்ரென்றது, மாப்பிள்ளை வீட்டில் யாரோ இடமில்லாமல் அதன் மேல் வைத்த தட்டு. நான் உள்ளே தலையை விட்டிருந்த நேரத்தில் மச்சானின் மகள் பாட்டில்லாமல் நடந்து வந்து உட்கார்ந்துவிட்டாள்.