உப்பு பார்த்த போண்டா

ரத்தம் எடுக்கிற வேலையில் ஒரு சௌகரியம், வருகிறவர்கள் யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. ஊசிக்குப் பயந்து காலண்டரையே பார்ப்பார்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு மாடியறை லேபில் பதினோரு வருஷமாகக் குத்திக்கொண்டிருக்கிறேன். "வெறும் வயித்துல வாங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கஞ்சித் தண்ணீர்

ஏழுமலை பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் போண்டாக் கடை வைத்திருக்கிறார். அவர் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ். ஒரு கிட்னி தர ஏழுமலை தயார். பெரிய ஆஸ்பத்திரியில்தான், "கொழுப்பும் வெள்ளை அணுவும் ஏறிக் கிடக்கு, இறக்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் லேபுக்கு வந்தார். அவர் ரத்தத்தை எடுத்து மெஷினில் சுற்றவிட்டேன். மேலே தெளிந்து இளமஞ்சளாக நிற்க வேண்டிய நீர், அதாவது சீரம், சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்து நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்தீர்களா என்றேன். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சத்தியமா சாப்புடல மேடம். ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒரு போண்டா எடுத்து உப்பு பார்த்தேன், அவ்ளோதான்."

ஊதாக் கூட்டம்

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் எனக்கு எல்லாம் மறந்துபோகும். சாயம் போட்ட ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் வெளிறிய ரோஜா நிறத்தில் பரந்து கிடக்கும், நடுவே ஊதா வயிற்றோடு வெள்ளை அணுக்கள். கீழே அடிக்கிற பஸ் ஹாரன்கூட எங்கோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்பது போலிருக்கும். ஏழுமலையின் ரத்தத்தில் ஊதா அதிகம். காய்ச்சல் இல்லை, புண் இல்லை, யாரோடு சண்டைக்கு இத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

எங்கள் டாக்டர் அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். ஓயாமல் கொழுப்பு உள்ளே போனால், எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை ஏதோ ஆபத்து என்று வெள்ளை அணுக்களைக் கூட்டிக் கூட்டி அனுப்பும். வந்தவை சும்மா இருக்காமல் உடம்பு பூராவும் அழற்சியைக் கிளப்பும். ஏழுமலை தன் முழங்கையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ என் போண்டாவ எதிரின்னு நெனச்சிக்கினு இருக்குதா டாக்டர், என் எலும்பு?"

தெளிந்த குழாய்

அவர் கடைக்குப் பேரே அந்த உப்பால்தான். அதைப் பார்ப்பதை அன்றோடு நிறுத்தினார். பொறுப்பு சம்சாரத்துக்குப் போனது. அந்த அம்மாவுக்கு உப்பில் தாராளக் கை, முதல் பஸ் ஆட்கள் முகம் சுளித்தார்கள். இவர் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றபடி கூழ் குடித்தார்.

மாதா மாதம் வருவார். காலண்டரைப் பார்க்காமல் குழாயையே பார்ப்பார். ஐந்தாம் மாதம் சீரம் தெளிந்து நின்றது, ஊதாவும் குறைந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்துதானா மேடம்? யாருதையாவது மாத்தி வச்சிட்டீங்களா?"

தம்பியின் கேள்வி

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து, தையல் தழும்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். தம்பி நன்றாக இருக்கிறானாம். கண் முழித்ததும் முதலில் என்ன கேட்டான் என்று சொல்லும்போது சிரித்தார், அழுதார், இரண்டும் ஒன்றாக வந்தது.

"'அண்ணே, போண்டா கொணாந்தியா'ன்னு கேக்குறான் மேடம், பேமானி!"

ஊருக்கெல்லாம் வெறும் வயிறு சொல்கிற நான், அடுத்த நாள் காலையில் அவர் கடைக்கே போய் நின்று ஒரு போண்டா தின்றேன், உப்பு தூக்கல்தான்.