கோளுண்டோ, இல்லியோ

எனக்குக் கோபம் வந்தால் காது கேட்காது. சின்ன வயதிலிருந்தே அம்மா என்மேல் சொல்லிவந்த புகார் இது. நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ள வைத்தது ஒரு விஷு.

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சமயம். திருவனந்தபுரத்தில், வானிலை பார்த்துச் சொல்லும் ஆபீஸ் ஒன்றில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கிழக்கேகோட்டையில் எங்கள் அக்ரகாரத் தெருவிலிருந்து ஒரு பெண் ஆபீஸுக்குப் போவது அதுதான் முதல் தடவை. தெருவே பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் அப்பளம் உலர்த்திக்கொண்டு உட்கார எனக்கு மனசில்லை. தபாலில் வேலை உத்தரவு வந்த அன்று அப்பா கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கோளடிச்சுதுடி உனக்கு!" என்று கூவினார். அதிர்ஷ்டம் அடித்துவிட்டது என்று அர்த்தம். மலையாளம் பாதி, தமிழ் பாதியாகப் பேசுகிற எங்கள் வீட்டில் அதிர்ஷ்டத்துக்குக் கோள் என்றுதான் பெயர். இந்தச் சின்ன வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் விஷு வியாழக்கிழமை வந்தது. மறுநாள் பெரிய வெள்ளி, ஞாயிறு ஈஸ்டர். நடுவில் சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ். எங்கள் ஆபீசர் புதன் சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே தம் ஊருக்குக் கிளம்பிவிட்டார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "வீடு அடுத்தல்லே? நாலு திவசம் நோக்கிக்கோ" என்றார். வீடு பக்கத்தில் இருப்பது ஒரு குற்றமா? மற்றவர்களுக்கெல்லாம் பண்டிகை, எனக்கு மட்டும் டியூட்டி.

கருவிகளைப் பார்த்துக் குறித்து வைக்க வேறு ஆள் உண்டு. என் வேலை கடல்காரர்களுக்கானது. மேலாபீஸிலிருந்து தந்தியில் இங்கிலீஷில் வரும் கடல் நிலவரத்தை மலையாளத்தில் ஆக்கி, கடற்கரைக் குப்பமான கடப்புறத்தில் இருந்த ஒரு சின்ன ஆபீஸுக்கு டெலிபோனில் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பெரியவர் அதைக் கேட்டு, வாசலில் இருக்கும் கரும்பலகையில் சாக்குக் கட்டியால் எழுதுவார். வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர்களும், பாய்மரம் கட்டிச் சரக்குக் கொண்டுபோகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் இறங்குவார்கள்.

விஷுவன்று விடிகாலையில், பழமும் பூவும் கண்ணாடியும் பரப்பிவைத்த கணி பார்த்தோம். வேப்பம்பூ போட்ட மாங்காய்ப் பச்சடியை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு நான் செருப்பைத் தேடினேன்.

"வருஷப் பொறப்பும் அதுவுமா எங்கடி ஓடறே?" என்றாள் அம்மா. "பிரதமன் பாயசம் இறக்க இன்னும் அரை மணியாக்கும். செத்த இருந்து குடிச்சுட்டுப் போயேன்."

"காத்து அடிக்கறதுக்கு நான் போய் உத்தரவு கொடுக்கணுமாம். போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். குன்றேறி ஆபீஸ் சேர்ந்தபோது வேர்த்து வழிந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை.

தந்தி காத்திருந்தது. வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு காலை வரை நம் கரையை ஒட்டிய கடல் கொந்தளிப்பாக இருக்கும், திடீர்ச் சூறைக்காற்று வீசலாம், யாரும் கடலில் இறங்க வேண்டாம். விஷயம் இவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? காலேஜில் மலையாளத்துக்கு நல்ல மார்க் வாங்கிய திமிரில், கடல் கொந்தளிக்கும் என்பதை "ஸமுத்ரம் ப்ரக்ஷுப்தமாயிரிக்கும்" என்று எழுதிக்கொண்டேன். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து நானே ரசித்தேன். பிறகு டெலிபோனை எடுத்தேன்.

"ஸமுத்ரம் எந்தாகும்?" என்றார் கடப்புறத்துப் பெரியவர்.

"ப்ரக்ஷுப்தம்!"

"பிரா... எந்து?"

லைனில் ஒரே கரகரப்பு. மூன்றாவது தடவை நான் கத்தினேன். கீழே தோட்டக்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

"குட்டீ, எனக்கு இங்கிலீஷ் அறியாது" என்றார் அவர் பொறுமையாக. "கோளுண்டோ, இல்லியோ? அது பற." அதைச் சொன்னால் போதும் என்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பண்டிகையை விட்டுவிட்டு வந்து கடல் நிலவரம் சொல்கிறேன், இந்த மனுஷன் அதிர்ஷ்டம் இருக்கிறதா, வலையில் மீன் விழுமா என்று என்னிடம் ஜோசியம் கேட்கிறார்! அப்படித்தான் என் காதில் விழுந்தது.

"கோளுமில்ல, ஒண்ணுமில்ல!" என்றேன்.

"செரி. கோளில்ல" என்று சந்தோஷமாகச் சொல்லி அவர் போனை வைத்தார்.

நிலவரம் சொல்லியாயிற்று என்று ரிஜிஸ்தரில் குறித்துவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு டம்ளர் பிரதமன் குடித்தேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. காலையில் எங்கள் ஆபீஸ் பியூன் வந்தார். கடப்புறத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். மத்தியானம் பள்ளியில், அதாவது சர்ச்சில், பிரார்த்தனைக்குப் போக என்னிடம் சொல்லிக்கொள்ள வந்திருந்தார். அவருக்கு ஒரு தம்பி. தம்பிக்கு ஒரு புது வள்ளம். அந்த வள்ளத்தின் சரித்திரம் ஆபீஸில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர்கள் அப்பாவின் பழைய வள்ளம் கரையோரத் திரையலையில் அடிபட்டு உடைந்தபிறகு மூன்று வருஷமாகத் தம்பி அடுத்தவர் வள்ளத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். இப்போதுதான் ஆஞ்சிலிப் பலகை வாங்கி, தைத்து, கீல் பூசி ஒன்று தயாராகியிருந்தது. இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. இந்த ஈஸ்டருக்கு நம் சொந்த வள்ளத்து மீன்தான் சட்டியில் வேகணும் என்று தம்பி பெண்டாட்டி சொல்லியிருந்தாளாம்.

"நாள விடியக்காலம் வள்ளம் இறக்குதான், கொச்சம்மா" என்றார் பியூன். முகமெல்லாம் பல். "தம்பியும் எங்க மச்சினனும் போறாங்க. போர்டுல கோளில்லன்னு போட்டாச்சே!"

"கோள் இல்லேன்னா எதுக்குப் போகணும், சேட்டா? மீன் கிடைக்காதே?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மீனா? மீன பத்தி யாரு பறஞ்ஞா? கோளுன்னா கடல் கோபிக்கறது. காத்தும் திரையுமா வர்றது. கோளில்லன்னா கடல் சாந்தம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்ரகாரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதிர்ஷ்டம் மட்டுமே கோள். மூன்று மைல் தள்ளி, அதே ஊரில், அதே வார்த்தை உயிரை வாங்குகிற கோள். சூறை வரப்போகிறது, யாரும் போகாதீர்கள் என்று சொல்ல வேண்டிய நான், கடல் சாந்தமாக இருக்கும், போங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பலகையில் அது எழுதியும் ஆகிவிட்டது.

நடந்ததைச் சொன்னேன். பியூன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது. டெலிபோனைச் சுற்றோ சுற்றென்று சுற்றினேன். கடப்புறத்தில் எடுக்க ஆளில்லை. "எல்லாரும் பள்ளியில இருப்பாங்க" என்றார் அவர். வாங்கோ, நடப்போம் என்று கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸைக் காணோம். வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போனோம். அம்மா பார்த்தால் அங்கேயே ஒரு விசாரணை நடக்கும். பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் ஒரு நொடி நின்று, அந்த வள்ளம் கரையிலேயே கிடந்தால் உனக்கு ஒரு தேங்காய் என்று வேண்டிக்கொண்டேன். பியூன் தள்ளி நின்று சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு பக்கமும் சொல்லியாயிற்று என்று நடையைக் கட்டினோம்.

கடப்புறத்து ஜனம் முழுக்கப் பள்ளிக்குள் இருந்தது. உள்ளேயிருந்து அழுகிற மாதிரி பாட்டு கேட்டது. வெளியே ஒரு தென்னை மரத்தடியில் நான் காத்திருந்தேன். மணல் கொதித்தது. கடலைப் பார்த்தேன். படுபாவிக் கடல், ஒரு சுருக்கம் இல்லாமல் நீலமாகக் கிடந்தது.

கூட்டம் வெளியே வந்ததும் பியூன் அந்தப் பெரியவரை அழைத்துவந்தார். போனில் கேட்ட கனத்த குரலுக்கு ஆள் என் தோளுயரம்தான் இருந்தார்.

"நான்தான் நேத்து போன்ல பேசினேன்" என்றேன். "நான் சொன்னது தப்பு. நீங்க கேட்ட கோள் வேற, நான் நெனச்ச கோள் வேற. எங்காத்துல கோள்னா அதிர்ஷ்டமாக்கும். கடல்ல கோள் உண்டு. இன்னி ராத்திரியிலேந்து ஞாயத்துக்கெழமை காத்தால வரைக்கும் உண்டு."

சுற்றி நின்றவர்களுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. துக்க நாளில் சிரிக்கக் கூடாதாம். தோள் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

"அப்போ நீ ஆத்யம் பறஞ்ஞது இங்கிலீஷ் இல்லியா?" என்றார் பெரியவர்.

"மலையாளம்தான்."

"யாருட மலையாளம்?" என்று கேட்டுவிட்டு, போய்ப் பலகையில் 'இல்ல' என்பதைக் கையால் துடைத்து 'உண்டு' என்று எழுதினார்.

தம்பி சிரிக்கவில்லை. கறுத்து, உயரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நேத்து இல்ல, இன்னிக்கு உண்டு. நாள என்ன பறைவீங்க? ஆகாசம் பாருங்க. ஒரு மேகம் உண்டா?" என்றான். நானும் நிமிர்ந்து பார்த்தேன், ஒரு மேகம் இல்லை. ஒரு தடவை தப்பாகச் சொன்னவள் மறுதடவை சரியாகச் சொல்கிறாள் என்று அவன் எப்படி நம்புவான்?

அவன் பெண்டாட்டிதான் பேசினாள். "தப்பா பறஞ்ஞவ வீட்டுல இருந்துக்கலாமே. இந்த வெயில்ல நடந்து வந்து, இத்தன பேர் முன்ன நின்னு பறையணுமா? வள்ளம் ஒரு நாள் கரையில கிடக்கட்டும். ஈஸ்டருக்கு மீன் இல்லன்னா முட்டக் கறி."

அவளை அப்போதே கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. தம்பி போய்த் தன் வள்ளத்தின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

சனிக்கிழமை காலை அப்படி ஒரு வெயில். காற்று என்று பேருக்குக்கூட இல்லை. பியூன் வந்து மேஜையைத் துடைத்தார். கேட்டதற்கு மட்டும், "தம்பி விடியறதுக்கு முன்னயே எழுந்து கடலப் பாத்துட்டு இருக்கான்" என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரெல்லாம் சூறை வேண்டாம் என்று வேண்டும். நான் வேண்டினது என்ன தெரியுமா? வரட்டும் என்று. பிள்ளையாரப்பா, கடலில் ஒருத்தரும் இல்லை, இப்போது வந்தால்தான் உண்டு, என் மானத்தைக் காப்பாற்று என்று. மேலாபீஸ் தந்தியே பொய்த்துவிட்டால் அப்புறம் கடப்புறத்தில் யார் அந்தப் பலகையை நம்புவார்கள்? அடுத்த தடவை நிஜமாகவே வரும்போது இறங்கிவிடுவார்களே!

அரை நாள் முடிந்தது. வீட்டுக்குப் போக மனசு வராமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்கு மேல் இருக்கும். திடீரென்று ஜன்னல் கதவு படாரென்று சுவரில் மோதியது. மேஜைமேல் இருந்த காகிதம் முழுக்கக் கூரைக்குப் பறந்தது. மேற்கே பார்த்தால் கடல் இருக்கும் பக்கம் கறுத்துக் கிடந்தது. மாடியில் காற்றை அளக்கிற கிண்ணங்கள் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றின. பியூன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"கோள்! கொச்சம்மா, கோள்!" என்று கத்தினார்.

காலையில் கடலுக்குப் போகிற வள்ளங்கள் கரை திரும்புகிற நேரம் அது. போயிருந்தால் தம்பி அப்போது திரும்பும் வழியில் கடலில் இருந்திருப்பான்.  நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையெல்லாம் கிடந்த காகிதங்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ஈஸ்டரன்று பத்து மணிக்குத் தெருவில் சலசலப்பு. எட்டிப் பார்த்தால், பியூனும் தம்பியும் நின்றுகொண்டிருந்தார்கள். தம்பி தலையில் ஒரு வரிக்கைச் சக்கை, என் இடுப்புயரம் இருக்கும். நாங்கள் மீன் தொடமாட்டோம் என்பதை யோசித்துப் பலாப்பழம் கொண்டுவந்திருக்கிறான்! அக்ரகாரமே வாசலுக்கு வந்துவிட்டது. நல்லவேளை, அம்மா என்ன ஏது என்று கேட்பதற்குமுன் முற்றத்தில் ஜமக்காளத்தை விரித்துவிட்டாள்.

தம்பி சக்கையை இறக்கி வைத்தான். என்னை நேராகப் பார்க்காமல், "கோளடிச்சு, கொச்சம்மா" என்றான்.

"யாருக்கு?" என்றாள் அம்மா ஆவலாக.

"எங்களுக்கு" என்றான் அவன். பியூன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று துக்க நாள் இல்லை, பழக்க தோஷம். போகும்போது தம்பி மெல்லக் கேட்டான்: "நாள இறக்கலாமா? நீங்க பறஞ்ஞா இறக்குதேன்."

திங்கள்கிழமை அம்மா எழுப்பாமலே எழுந்தேன். பழவங்காடியில் தேங்காயை உடைத்துவிட்டு, விடியும்போதே குன்றேறினேன். தந்தியை ஒரு தடவைக்கு நாலு தடவை படித்தேன். காற்று லேசு. கடல் சாந்தம். டெலிபோனை எடுத்தேன்.

"கோளுண்டோ, இல்லியோ?" என்றார் பெரியவர், நான் வாயைத் திறக்குமுன்.

"எந்தக் கோள்?" என்றேன் நான்.

அவர் சிரித்தார். அந்தக் கரகரப்பிலும் நன்றாகக் கேட்டது. "கடலில உள்ள கோள், குட்டீ."

"கோளில்ல" என்றேன், ஒவ்வொரு எழுத்தாக.

அவர் போனை வைக்க மறந்துவிட்டார். வாசல் பக்கம் திரும்பி, "கோளில்லா!" என்று கூவினது கேட்டது. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். தூரத்தில் பத்துப் பேர் ஒன்றாகக் குரல் கொடுத்து, புது வள்ளத்தை மணலில் தள்ளுகிற சத்தம் கேட்டது.